பொங்கல் தாளில் எடுத்த சம்மதம்

எங்கள் ஃபிளாட்டின் கூரையில் சூரிய மின்தகடுகள் பதிப்பதற்காக, முப்பத்தொரு குடும்பங்களின் சம்மதத்தை நான் திருடினேன். இதைவிட மென்மையான சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், துறைமுகம் பார்த்த பத்து மாடிக் கட்டடம் அது. நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் மின்நிலையப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுக்க எதையாவது எரித்தே மின்சாரம் செய்தவனுக்கு, எரிக்காமல் செய்ய ஒரு வாய்ப்பு வந்தது. நகரத்தை ஸ்மார்ட் சிட்டி ஆக்கும் திட்டத்தில் எங்கள் கட்டடத்தைச் சேர்க்க மாநகர மன்றத்தார் முன்வந்தார்கள். லிஃப்ட், தண்ணீர் பம்பு, நடைபாதை விளக்கு எல்லாம் வெயிலில் ஓடும். ஒரே நிபந்தனை, நான்கில் மூன்று பங்கு வீடுகளின் கையெழுத்து மாத முடிவுக்குள் வேண்டும்.

சீனர் வீடுகளுக்கும் மலாய்க்காரர் வீடுகளுக்கும் நேரில் போனேன். வரைபடத்தை விரித்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, முறையாகக் கையெழுத்து வாங்கினேன். தமிழர் வீடுகளுக்கு மட்டும் போகவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நம்ம ஆட்கள்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

அந்த மாதம் கீழ்த்தளக் கூடத்தில் பொங்கல் விருந்து நடந்திருந்தது. இங்கே எந்த நிகழ்ச்சிக்கும் வருகைத்தாள் வைப்போம். அதைக் காட்டினால்தான் அடுத்த முறை கூடத்தைத் தருவார்கள். பெயர், வீட்டு எண், கையெழுத்து என்று மூன்று கட்டங்கள். தலைப்பு முதல் பக்கத்தில் மட்டும் இருக்கும், கையெழுத்துகள் அடுத்த பக்கங்களில். ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிறுக்கிவிட்டுப் போவார்கள். நான் முதல் பக்கத்தைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சம்மதக் கடிதத்தை வைத்துப் பின் அடித்தேன்.

அந்தக் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. கூரையில் துளையிடுவதால் மேல்மாடி வீடுகளில் ஏதும் சேதம் வந்தால் வீட்டுக்காரர்களே சரிசெய்துகொள்ள வேண்டும் என்றது அது. படித்தேன். தகடு பதிக்கும் ஒப்பந்தக்காரரிடம் அதை எடுக்கச் சொன்னால் வேலை தள்ளிப்போகும். பேசாமல் இருந்துவிட்டேன்.

தகடுகள் ஏறின. ரிப்பன் வெட்டினார்கள். எவ்வளவு மின்சாரம் மிச்சமானது என்று காட்ட லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு திரை மாட்டினார்கள். அடுத்த பெருமழையில் பத்தாம் மாடிப் பெண் என் கதவைத் தட்டினார். பாயான் பாரு பகுதியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்.

"அண்ணே, வீட்டுக்குள்ள மழை பெய்யுது. வந்து பாருங்க."

அவர் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதத்தில் படுத்துவிட்டார். ஒழுகல் சரியாக அவர் கட்டிலுக்கு மேலே. கட்டிலை எங்கே நகர்த்தினாலும் வேறொரு சொட்டு வந்து சேர்ந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"மேல சோலார், கீழ சுவிம்மிங் பூல். ரொம்ப ஸ்மார்ட்லா உங்க சிட்டி!"

ஒப்பந்தக்காரரின் ஆள் வந்தான். கூரையைப் பார்க்கவில்லை. கடிதத்தைத்தான் நீட்டினான். அந்தப் பெண் தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என் சைன்தான். ஆனா இதை எப்ப போட்டேன் அண்ணே?"

"மறந்திருப்பீங்கம்மா" என்றேன்.

"நைட் ஷிஃப்ட் தூக்கத்துல போட்டிருப்பேன் போல. சாரி அண்ணே, உங்களை அலைய வச்சிட்டேன்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு மாதக்கணக்கில் அலைந்தேன். மாநகர மன்றத்தில் கேட்டால் ஒப்பந்தக்காரரைப் பார் என்றார்கள். ஒப்பந்தக்காரர் வீட்டுக்காரரைக் கைகாட்டினார். நகரத்துக்கென்று புதிதாக வந்த செயலியில் புகார் போட்டேன். 'தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது, ஒருவர்கூட வந்து பார்க்காமலே. மறுபடி போட்டேன், மறுபடி அதே பதில். கத்தினேன், மேசையைத் தட்டினேன். ஆனால் ஒவ்வொரு மேசையிலும் என்னைத் திருப்பி அனுப்பியது நான் பின் அடித்துச் சேர்த்த அந்த வரிதான். மழைக்காலம் முற்றியது. அந்தப் பெண்ணின் கணவருக்கு நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அவர் வீடு திரும்பிய அன்று பத்தாம் மாடிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டு முடித்துவிட்டு, "சரி சார்" என்றார். 'அண்ணே' என்ற அழைப்பு போய்விட்டது. பிறகு சங்கத்துக்கும் மாநகர மன்றத்துக்கும் எழுதிக் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் ஒழுகல் நிற்கும் என்று நம்பியிருந்தேன். நடந்ததோ வேறு. சம்மதம் செல்லாது என்று தகடுகளின் இணைப்பைத் துண்டித்தார்கள். ஒப்பந்தமே செல்லாதென்றால் கூரைக்கும் நான் பொறுப்பில்லை என்று ஒப்பந்தக்காரர் கைகழுவினார். என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள். மின்சாரமும் இல்லை, கூரையும் இல்லை. திரை மட்டும் கடைசி நாளின் எண்ணோடு அப்படியே நிற்கிறது.

நான் முதல் மாடியில் தனியாக இருந்தேன். வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"உங்க வீடு எனக்கு எதுக்கு சார்? என் கூரையைக் குடுங்க" என்றார் அந்தப் பெண்.

கட்டிலிலிருந்து கணவர் குறுக்கிட்டார். "ஏய், சும்மா இரு. அவர் மேல வந்து நனையட்டும், நாம கீழ போயி காயலாம். நல்ல ஐடியாலா!"

மாறிக்கொண்டோம். இப்போது பத்தாம் மாடியில் நான்கு வாளிகளோடு இருக்கிறேன். தார் பூசிப் பார்த்தேன். ஒழுகல் இடம் மாறியதே தவிர நிற்கவில்லை. எனக்குத் தாங்க முடியாதது மழையல்ல, வெயில். தலைக்கு மேலே நல்ல தகடுகள் வீணாகக் காய்கின்றன. கீழே லிஃப்ட் பழைய மின்சாரத்தில் முனகிக்கொண்டு ஏறுகிறது.

அந்த வரியை நீக்கி, கூரையை முதலில் அடைக்க வேண்டும் என்று சேர்த்துப் புதிய கடிதம் எழுதினேன். புதிய செயலாளர் அதை ஏற்று, கையெழுத்து வாங்கும் வேலையை என்னிடமே விட்டார். உன் குப்பையை நீயே அள்ளு என்பதுபோல. கதவு கதவாகத் தட்டுகிறேன். சீனரும் மலாய்க்காரரும் திட்டிக்கொண்டே மறுபடி போட்டார்கள். அந்த முப்பத்தொரு வீடுகளில் பெரும்பாலானவை இன்னும் போடவில்லை. "நல்லதுதான் அண்ணே, ஆனா உங்க பேப்பர்லயா?" என்றார் ஒருவர்.

இந்த ஆண்டும் பொங்கல் விருந்து நடந்தது. புதிய செயலாளர் வருகைத்தாளை வைத்தார். யாரும் பேனாவைத் தொடவில்லை. சாப்பிட்டார்கள், தாளை ஒரு பார்வை பார்த்தார்கள், போனார்கள். நான் மூலையில் தட்டோடு நின்றேன்.

அந்தப் பெண் வந்தார். தாள்களைத் திருப்பினார், பின்பக்கம் பார்த்தார், பின்னை விரலால் தடவினார். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் பெரிய எழுத்தில், 'பொங்கல் சாப்பாட்டுக்கு மட்டும்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

என் கடிதத்தில் அவர் வீட்டுக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.