குடைக்கம்பியில் செய்திருக்கலாம்

ஈயம் உருகும்போது ஒரு புகை வரும்... அது மூக்கில் ஏறினால் அன்றைக்குச் சோறு ருசிக்காது. கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கிற இடத்தில் ஸ்டவ் ரிப்பேர் கடை போட்டு, அந்தப் புகையிலேயே பாதி ஆயுசு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் போடுகிறாள். அலுப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு டீச்சரம்மா. ரிட்டையர் ஆனவர். பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டது. அவர் வீட்டுக்காரரை சார் என்றுதான் கூப்பிடுவேன். கட்டிலுக்கு எதிரே மேஜை போட்டு, ஒரு பழைய பொம்மை ரயிலை ஓட்டிக் காட்டுவார். கப்பல் வேலைக்குப் போன அவருடைய அண்ணன் எப்போதோ வாங்கி வந்தது.

டீச்சரம்மாவுக்கு ரயிலைவிட அதன் ஓரத்தில் இருந்த லெவல் கிராசிங்தான் உசிர். ரயில் வந்தால் சின்ன அறையிலிருந்து கேட்கீப்பர் விளக்கோடு வெளியே வருவான். போனதும் உள்ளே போய்விடுவான். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு தகடு. அது அமுங்கினால், விரல் நீளக் கொக்கி ஒன்று ஆளை வெளியே தள்ளும். அந்தக் கொக்கி உடைந்துவிட்டது. அதெல்லாம் நம்ம ஊரில் எங்கே கிடைக்கும்? யாரோ சொல்லி, சார் என்னைத் தேடி வந்தார்.

பவுடர் டப்பாவை வெட்டி, தட்டி, மடித்து மாட்டினேன். ஆள் வெளியே வந்தான். டீச்சரம்மா கோணிய வாயோடு சிரித்தார்.

"ஏங்க, அவர இன்னா நிக்க வச்சிக்கினு கீறீங்க? நாற்காலி போடுங்க."

சம்பளக்காரர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதுகைச் சாய்க்கவே இல்லை.

தகரக் கொக்கி மூன்று மாசம் தாங்கும். ஒடிந்ததும் சார் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவார். வாசலில் செருப்பை விடும்போதே உள்ளேயிருந்து டீச்சரம்மா குரல் வரும்.

"வந்துட்டாருய்யா ரெண்டாவது கேட்டுக்காரரு! ஏம்பா, உங்காளு வெளிய வர மாட்டேன்றான். உள்ள பொண்டாட்டியோட சண்டையா?"

"சம்பளம் ஏத்துனா வந்துருவான் டீச்சரம்மா."

அப்புறம் நாற்காலி. காபி. அரை நாள் பேச்சு...

உண்மையைச் சொல்கிறேன். குடைக்கம்பியில் செய்திருந்தால் அந்தக் கொக்கி ஒடிந்தே இருக்காது. முதல் நாளே எனக்குத் தெரியும். கடையில் உடைந்த குடைகள் நாலைந்து தொங்கிக்கொண்டுதான் இருந்தன. தெரிந்தேதான் தகரம் போட்டேன். ஒடிந்தால்தானே கூப்பிடுவார்கள்.

ஒருநாள் காலையில் கண்டக்டர் கத்தினார். "சார் உடனே வரச் சொன்னாருப்பா. அந்தம்மாவ மெட்ராசுக்கு இட்டுக்கினு போறாங்களாம்."

போய்ச் சேர்ந்தபோது வாசலில் கார் நின்றது. உள்ளே ரயில் சுற்றிச் சுற்றி வந்தது... ஆள் வரவில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று டீச்சரம்மா கேட்டாராம். புதுசாகச் செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டும். கூட்டிப்போக மெட்ராசிலிருந்து வந்திருந்த மகள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, வெயில் ஏறிடும்."

டீச்சரம்மா என் முகத்தைப் பார்த்தார். "பரவால்லப்பா. நான் போறன்னு கோவிச்சிக்கினான் போலகீது."

அன்றைக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

அடுத்த மாசம் சார் மட்டும் சாமான் எடுக்க வந்தார். மொட்டை அடித்திருந்தார். குடைக்கம்பிக் கொக்கியை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் அந்த மகள் எப்படியோ நம்பர் பிடித்து வீடியோ அனுப்பியிருந்தார். ரயில் வருகிறது. ஆள் விளக்கோடு வந்து நிற்கிறான். "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட ரிப்பேர் ஆகலைங்க ஐயா. அந்தக் காலத்து வேலைன்னா வேலைதான்" என்று பேசியும் அனுப்பியிருக்கிறார்.

இப்போதெல்லாம் அளவைக் கொடுத்தால் மெஷினே இந்த மாதிரி சாமானைச் செய்து தள்ளிவிடுமாம். என் கையோ தம்ளரையே பிடிக்க மாட்டேன் என்கிறது.

"இன்னா மாமா, வீடியோவ இன்னொரு வாட்டி போடட்டா?" என்றாள் மருமகள்.

வேண்டாம் என்றேன்.

அந்தக் காலத்து வேலையாம்... தகரத்தில் செய்ததும் அந்தக் காலத்தில்தான்.