வரம்பில் வைத்த பானை

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதம். புளியங்குளத்துக்கு அங்காலே உள்ள எங்கள் வயலில் நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. அருவி வெட்ட, அதுதான் கதிர் அறுக்க, ஆள் இல்லை. என் கணவர் மலேரியாக் காய்ச்சலில் பாயோடு கிடந்தார். கிழக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நெல் நனைந்து முளைத்துவிட்டால் என் பிள்ளைகளுக்கு அடுத்த போகம் வரை சோறு இல்லை.

எங்கள் ஊரில் ஒருவர் வயலை எல்லோரும் சேர்ந்துதான் வெட்டுவோம். அன்று ஒருவரும் வரவில்லை. முந்திய ஆண்டுதான் நாங்கள் இருவரும் ஞானஸ்நானம் எடுத்திருந்தோம். வேதத்துக்கு மாறியதால் ஊர் ஒதுக்கிவிட்டது என்றே நினைத்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். வரம்பில் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, உம்மை நம்பினதுக்கு இதுவோ கூலி? ஆள் அனுப்பும்!” என்று சண்டை பிடித்தே ஜெபித்தேன். அழுதும் விட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினால், என் கணவரின் தமக்கை இராசம்மா மச்சாள் இடுப்பில் கைவைத்தபடி நின்றார். நாங்கள் மாறியதில் ஊரிலேயே அதிகம் கோபப்பட்டவர் அவர்தான்.

“என்னடி, தனியவே வெட்டப் போறாய்?”

“ஒருத்தரும் வரேல்லையே மச்சாள்.”

“நீ பானை வைக்கேல்லை. கூப்பிடாத வயலுக்கு ஆர் வருவினம்? உனக்கு நாங்கள் வேண்டாமாக்கும் எண்டெல்லோ இருந்தம்!”

வெட்டுத் தொடங்கும் நாளில் வரம்பில் பொங்கல் பானை வைப்பது எங்கள் வழக்கம். புகையைக் கண்டதும் எல்லோரும் அரிவாளோடு வந்துவிடுவார்கள். பழைய சாமிகளுக்குப் படைப்பதாயிற்றே என்று நான் பானையைத் தொடவே இல்லை. அதுவே ஊருக்கும் அழைப்பு என்பது என் மண்டையில் ஏறவில்லை.

“நான் இயேசுவுக்குத்தான் பொங்குவன் மச்சாள்.”

“ஆருக்கெண்டாலும் பொங்கு. கெதியாப் பொங்கு, மழை வரப்போகுது!”

அடுப்பை மூட்டினேன். பால் பொங்கியபோது ஸ்தோத்திரம் சொன்னேன். அதற்குள் வயல் நிறைய ஆட்கள். கதிர்களையெல்லாம் வெட்டி, சூடு என்கிற போராக அடுக்கி மூடிய பிறகே மழை விழுந்தது. பசியோடு அந்தப் பொங்கலைத் தின்றோம். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அறியேன்.

இப்போது எங்கள் சபையார் எல்லோருமே வெட்டு நாளில் வரம்பில் பானை வைத்து, போதகர் ஜெபித்த பிறகே அரிவாளைத் தொடுகிறோம். மச்சாள் இன்னும் பிள்ளையாருக்குத்தான் பொங்குகிறார். ஆனால் என் வயலுக்கு முதல் ஆளாக வந்து, “ஜெபத்தைச் சுருக்கச் சொல்லடி, பொங்கல் ஆறுது” என்பார்.

அன்பானவர்களே, நெருக்கடியில் இருந்தால் கேளுங்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள். ஆனால் அவர் யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் ஆள் கேட்டேன். அவர் முதலில் அனுப்பியது என் மச்சாளை.