எழுந்த தேங்காயை அழுத்தியவர்

பொய் சொன்ன ஒருவருக்காக நானும் பொய் சொல்லலாமா? இன்னும் தெரியவில்லை.

எங்கள் ஹப்சிகுடா அப்பார்ட்மென்ட்டில் போர்வெல் வற்றியதும், புதிதாகத் தோண்ட இடம் பார்க்க, நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரை வரவழைத்தார்கள். மே மாத வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார்; கீழே நீர் இருந்தால் அது எழுந்து நிற்குமாம். இயற்பியல் படித்த நான் நம்பவில்லை. ஆனாலும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பின்மதில் ஓரம் பாறை இடுக்கில் ஓர் ஊற்றுக்குட்டை, அதில் சில ஆமைகள், பக்கத்தில் அத்திமரம். அங்கே தேங்காய் எழுந்து நின்றது. அவர் சட்டென்று அதை அழுத்தினார். மறுபடியும் எழுந்தது.

"நக்கோ, வேண்டாம், படு!" என்று தேங்காயை அதட்டினார்.

"நின்னுதே!" என்றேன்.

"தேங்காய் உங்க எல்லாருக்கும் காட்டறதுக்குத்தான் மேடம். நான் மரத்தைத்தான் பார்ப்பேன். இந்த வெயில்ல இவ்வளவு பச்சைன்னா கீழே தண்ணி இருக்கு. இங்கே போர் போட்டா முதல்ல குட்டை வத்தும், ஆமைங்க சாகும், அப்புறம் மரம் போகும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சங்கச் செயலாளரிடம் "தண்ணீர் இல்லை" என்று சொல்லிவிட்டு, தேங்காயை என் குழந்தை கையில் கொடுத்துப் போய்விட்டார்.

இப்போது லாரித் தண்ணீர்தான். குழந்தைக்கு அரை வாளியில் குளியல். செயலாளருக்குச் சந்தேகம். "நீங்கதானேம்மா கூட இருந்தீங்க? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல வந்து சொல்லுங்க, தேங்காய் நின்னுதா இல்லையா?" என்கிறார்.

நம்பாத தேங்காய்க்கு நான் சாட்சி. அதையும் சட்னி அரைத்துவிட்டேன்.

கூட்டத்தில் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.