கழுத்தோரக் குழாயும் கல்யாண மைக்கும்

டயாலிசிஸ் பிரிவு நர்ஸுக்குத் தன் ரத்தம் கொதிப்பதைவிட அடுத்தவர் ரத்தம் உறைவதுதான் பெரிய கவலை. எண்பதுகளில் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய் அந்த வேலையைப் பார்த்தவள் நான். குழாயோடு மல்லுக்கட்டிய சிஸ்டர்மாரே, நீங்களும் பட்டிருப்பீர்கள்!

சாவி யாரிடம்?

ரெட்டிபாளையம் மாரிமுத்து சிமெண்ட் ஆலைத் தொழிலாளி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கை நரம்பில் செய்த ஆபரேஷன் தேறும்வரை, கழுத்தோரம் போட்ட குழாய் வழியாகத்தான் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்தோம். ஒவ்வொரு முறை முடிந்ததும் குழாயை உப்புத் தண்ணீரால் கழுவி, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்தை நிரப்பி மூடிவிடுவேன். தவறினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிடுங்கிவிட்டு வேறு குத்த வேண்டும்.

"இதுக்குப் பேரு பூட்டு. அடுத்த தடவை நாங்கதான் திறப்போம், வூட்டுல யாரும் தொடக் கூடாது" என்று அவர் மனைவி செல்லம்மாவிடம் சொன்னேன். அந்தம்மா பதறிப்போய் என் காதோரம் வந்தார். "சாவிய நீங்களே வச்சுக்குங்க சிஸ்டர். இவருகிட்ட குடுத்தா தொலைச்சுட்டு வந்துருவாரு!"

மைக்கில் வந்த எச்சரிக்கை

அரியலூரில் அவர்கள் மகள் கல்யாணம். "கனமா மாலை போடாதீங்க, குழாயை இழுத்துடும். யாரும் கட்டிப்பிடிக்காம பாத்துக்குங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனசு கேட்காமல் நானும் போனேன். சம்பந்தி, மீசையும் தொப்பையுமாக, இரு கைகளையும் விரித்துக்கொண்டு மாரிமுத்துவை நோக்கிப் பாய்ந்து வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மா நாதஸ்வரக்காரர் முன்னாலிருந்த மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

"பொண்ணோட அப்பாவ யாரும் கட்டிப்பிடிக்காதீங்க! குழா இருக்கு!"

பந்தி வரைக்கும் கேட்டது. மேளமே நின்றுபோனது. விரித்த கை விரித்தபடி நின்ற சம்பந்தி, மெதுவாக இரண்டையும் சேர்த்தார். "கும்புடு போடலாமுங்களா?"

இறங்கித் தள்ளவா?

கல்யாண அலுப்பில் மாரிமுத்து குழாய்ப் பக்கமாகவே ஒருக்களித்துத் தூங்கியிருக்கிறார். அடுத்த முறை சிரிஞ்சை மாட்டி இழுத்தால் ஒரு சொட்டு வரவில்லை. கழுத்தைத் திருப்பச் சொன்னேன், கையைத் தூக்கச் சொன்னேன், இருமச் சொன்னேன். எதற்கும் மசியவில்லை. வேகமாக அழுத்தவும் பயம். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் உடம்புக்குள் ஓடிவிடும். "மறுபடி குத்தணுமா சிஸ்டர்?" என்றார் மாரிமுத்து.

செல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "நம்மூரு டவுன் பஸ்ஸு மாதிரி எறங்கித் தள்ளணுமா?"

மாரிமுத்து சிரித்தார். கட்டிலே குலுங்கும்படி சிரித்தார். குழாய் நுனி உள்ளே எங்கோ ஒட்டிக்கிடந்திருக்க வேண்டும். அந்தக் குலுக்கலில் விலகி, சிரிஞ்சுக்குள் ரத்தம் ஜம்மென்று ஏறியது. நான் "வந்துடுச்சு!" என்று கத்தியேவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போலாம் ரைட்!"

குழாய் அடைக்காமலிருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று எனக்கு அத்தனை பாடம் நடத்தினார்கள், நோயாளியின் பெண்டாட்டியைப் பேசவிடு என்று மட்டும் ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.