அம்மா எழுந்து போகாத ஞாயிறுகள்

திராட்சை ரசத்தின் வாசனையை நான் முதன்முதலில் அறிந்தது பிறருடைய வாயிலிருந்துதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் திருவிருந்து நடக்கும். பெரியவர்கள் வரிசையாக எழுந்து போய், பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியருகே முழங்காலிட்டு, அப்பத்தையும் ரசத்தையும் பெற்றுக்கொண்டு, குனிந்த தலையோடு தங்கள் இடத்துக்குத் திரும்புவார்கள். அவர்கள் எங்கள் பெஞ்சைக் கடக்கும்போது லேசாகப் புளித்த, லேசாகக் காரமான ஒரு வாசனை, மல்லிகைப் பூவையும் தேங்காயெண்ணெயையும் மீறிக்கொண்டு வந்து என் மூக்கில் ஏறும். எனக்கு எச்சில் ஊறும். பக்கத்தில் அம்மா பாட்டுப் புத்தகத்தை மடியில் பிரித்து வைத்து, எல்லாரோடும் சேர்ந்து பாடிக்கொண்டிருப்பாள். அவள் எழுந்து போகமாட்டாள்.

அதில் எனக்கு எந்த விநோதமும் தெரியவில்லை. திடப்படுத்தல், அதாவது உபதேசம் படித்துச் சபையின் முழு அங்கமாகும் சடங்கு, ஆகாத பிள்ளைகள் திருவிருந்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் சபையின் ஒழுங்கு. மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை ஒரு முறைப்பில் பெஞ்சோடு கட்டிப் போட்டுவிட்டு முன்னால் போவார்கள். என் அம்மாவுக்கு மட்டும் என்னைத் தனியாக விட மனசு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. ஒரு சாமிக்கு முன்னால்கூட என்னை விட்டுக்கொடுக்காத அம்மா யாருக்குக் கிடைப்பாள்?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் நான் 'வேதக்காரப் பொண்ணு'. சுண்டலோ சர்க்கரைப் பொங்கலோ வகுப்பில் பங்கு பிரிக்கும்போது, 'இவ சாப்பிட மாட்டா' என்று என்னைக் கேட்காமலே அடுத்தவளுக்குப் போய்விடுவார்கள். தேவாலயத்திலோ நான் 'அந்தப் பொண்ணு', ஏனென்றால் என் அப்பா வேதக்காரர் இல்லை. அவர் அடி அண்ணாமலையில் நிலபுலத்தோடு இருந்த குடும்பத்துப் பிள்ளை. டவுனில் மோட்டாருக்குக் 'காயில்' கட்டும் கடை வைத்திருந்தார். கரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் அவர் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சைக்கிளில் ஏற்றிவந்து தேவாலயக் கேட்டில் இறக்கிவிட்டு, எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். "உள்ள உங்க சாமி, வெளிய என் டீ, ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல" என்பார். ஆராதனை நீண்டுபோனாலும் நாங்கள் வெளியே வரும்வரை அவர் அங்கேயே இருப்பார். உள்ளே ஒருநாளும் வந்ததில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை.

கார்த்திகை தீபத்தன்று மலையில் தீபம் தெரிந்ததும் ஊரே மொட்டை மாடிகளில் நின்று கும்பிடும். எங்கள் வீட்டு வாசலில் அப்பா அகல் வைப்பார். அம்மா வைக்கமாட்டாள், அவர் வைப்பதைத் தடுக்கவும் மாட்டாள். காற்று அடித்தால் மட்டும், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு ஒன்றும் நடக்காதது போல அடுப்படிக்குப் போய்விடுவாள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு வீடு இருந்தால் அது எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை என்பதை நான் அங்கேதான் கற்றேன். அப்பாவின் ஊர்த் திருவிழாவுக்கு நானும் அப்பாவும் போவோம். அம்மா வீட்டில் இருப்பாள். அம்மாவின் சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு யாருமே போகமாட்டோம், பத்திரிகை வராது.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது திடப்படுத்தல் வகுப்புக்குச் சேர்த்தார்கள். சனிக்கிழமை மதியம் போதகர் வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்து வகுப்பு நடக்கும். எங்கள் போதகர் கனத்த உடம்பும் மெல்லிய குரலும் உள்ளவர். கேள்வி அவர் கேட்க, பதிலை நாங்கள் ஒரே குரலில் சொல்ல வேண்டும். சாக்கிரமெந்துகள் என்னும் திருச்சடங்குகள் எத்தனை? இரண்டு. அவை எவை? ஞானஸ்நானமும் திருவிருந்தும். விவாகம் சாக்கிரமெந்தா? அல்ல, ஆனால் அது கடவுள் ஏற்படுத்திய பரிசுத்த ஒழுங்கு. பெருக்கல் வாய்ப்பாடு போல இவற்றை ஒப்பித்துவிட்டு, அவர் மனைவி தரும் முறுக்குக்காக நாங்கள் காத்திருப்போம்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மட்டும் வகுப்பு கொஞ்சம் சீக்கிரம் முடியும். எங்கள் சபையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மறுநாள் திருவிருந்து பெற விரும்புகிறவர்கள் முதல்நாள் சாயங்காலமே வந்து, போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் 'பேர் குடுக்க' வேண்டும். யாரோடாவது சண்டையா, குடி பழக்கமா, ஏதாவது குறையா என்று அப்போதுதான் விசாரிப்பார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை, என்னோடு படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து பேர் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், என் அம்மா வேலையில் மறந்துபோயிருப்பாள், நாமாவது கொடுத்துவிடலாம் என்று எழுந்துபோய் அவள் பேரைச் சொன்னேன். உபதேசியார் போதகரைப் பார்த்தார். போதகர் என் தலையில் கை வைத்து, வீட்டுக்குப் போய் அம்மாவையே கேள் என்று மெதுவாகச் சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்தபோது, போன மாதத் திருவிருந்தின் மேசைத் துணியை அம்மா கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளைத் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்துத் தருவது பல வருஷமாக அவள் வேலை. ரசம் சிந்திய கறையில் எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் வைத்துக் கசக்கிக்கொண்டே, நான் கேட்டதற்கு நிமிராமல் பதில் சொன்னாள். அப்பாவை அவள் கட்டிக்கொண்டது அடி அண்ணாமலைக் கோயிலில், மாலை மாற்றி. சபைக்கு வெளியே, வேறு தெய்வத்தின் முன்னால் கல்யாணம் செய்தவளுக்குத் திருவிருந்து கிடையாது. தடை நீங்க ஒரே வழிதான்: ஒரு ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, நான் செய்துகொண்ட விவாகம் பாவம், மனம் வருந்துகிறேன் என்று அறிக்கை செய்ய வேண்டும். அவ்வளவுதான். அடுத்த மாதமே அப்பம் கொடுத்துவிடுவார்கள்.

"அப்ப சொல்லிடேம்மா" என்றேன்.

துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அத பாவம்னு சொன்னா, அதுல பொறந்த நீ யாருன்னு ஆவுது?"

கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவின் காதிலும் அது விழுந்தது. வாய் வார்த்தைதானே, சொல்லிவிட்டு வந்துவிடேன், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தவர்தான். அன்றைக்கும் அதையே சொன்னார். அம்மா அவரிடம், "சபைக்கிட்ட பொய் சொல்லலாம். அந்த மேசைக்கிட்ட சொல்ல முடியாது" என்றாள். அப்பா துணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசையில் உட்காரக் கூடாதவள் மேசைத் துணியை மட்டும் தோய்க்கலாமா, இது எந்த ஊர் நியாயம் என்று முணுமுணுத்தார். "துணி இன்னா பண்ணிச்சி" என்று சொல்லி அம்மா அதைக் கொடியில் உதறிப் போட்டாள்.

இன்றைக்கு யோசித்தால் எனக்கு இதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. அந்தச் சபையில் எத்தனையோ பேர் சனிக்கிழமை எதையாவது ஒப்புக்குச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை முழங்காலிட்டார்கள். அந்த அப்பம் வெறும் அப்பம் இல்லை என்று உண்மையாகவே நம்பியதால்தான் என் அம்மாவால் பொய் சொல்ல முடியவில்லை. பக்தி கொஞ்சம் கம்மியாக இருந்திருந்தால் அவள் எப்போதோ வரிசையில் போய்ச் சேர்ந்திருப்பாள்.

அடுத்த வகுப்பில் நான் போதகரிடம் கேட்டேன்: கல்யாணம் சாக்கிரமெந்து இல்லை என்றால், அது எப்படி ஒரு சாக்கிரமெந்தைத் தடுக்கும்? அவர் கோபப்படவில்லை. சபை ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும், ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் 'அந்நிய நுகத்தில்' கழுத்தைக் கொடுப்பார்கள் என்றார். அந்நிய நுகம் என்பது வேறு மதத்தாரோடு செய்யும் கல்யாணத்துக்கு எங்கள் பெரியவர்கள் வைத்திருந்த சொல். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் டீக்கடை பெஞ்சில் எங்களுக்காகக் காத்திருக்கும் அப்பாவின் கழுத்துதான் நினைவுக்கு வரும். அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்குத் திடப்படுத்தலே வேண்டாம் என்று வீட்டில் அடம் பிடித்துப் பார்த்தேன்; அம்மா விடவில்லை. "எனக்கு இல்லன்றதால உனக்கும் வேணாம்னா, அப்பறம் நான் இவ்ளோ நாளு அங்க போயி உக்காந்ததுக்கு அர்த்தம் இன்னா?" என்றாள்.

ஆகவே ஒரு முதல் ஞாயிறன்று, அவள் தைத்துக் கொடுத்த வெள்ளைப் பாவாடை தாவணியில் நான் எழுந்து முன்னால் போனேன். கிராதியை அடைவதற்குள் திரும்பிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளை அந்த வருஷம் முதல் பின்கட்டில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பெஞ்சுகள் எல்லாம் காலி. நடுவில் அம்மா மட்டும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவளுக்குத் துணையாக நான் இருந்திருக்கிறேன், அவள் எனக்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பார்ப்பதைக் கண்டு, முன்னால் திரும்பு என்று கண்ணாலேயே அதட்டினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், பாட்டுச் சத்தத்துக்குள் என் காதருகே குனிந்து கேட்டாள்: "எப்டி இருந்திச்சி?"

"புளிப்பா" என்றேன்.

"தொண்டைல எறங்கும்போது கொஞ்சம் காரமா இருக்குமே?"

இருந்தது என்று தலையாட்டினேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் கடைசியாகக் குடித்த அந்த மிடறை இத்தனை வருஷமும் மறக்காமல் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. முதல் திருவிருந்தின் பக்தி என்று பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

நான் கல்லூரி முடிக்கிற வருஷம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்தில் ராவும் பகலும் உட்கார்ந்திருந்தவர்களில் எங்கள் போதகரும் ஒருவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அடி அண்ணாமலையில் அப்பாவின் ஆட்கள் எல்லாக் காரியமும் செய்தார்கள். தங்கள் முறைப்படி நடந்த எதிலும் அம்மாவை அவர்கள் அழைக்கவில்லை. அவள் வேப்பமரத்தடியில் தனியாக நின்று, வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் வேதக்காரி, இங்கே அவள் கோயிலில் தாலி வாங்கியவள். அவளுக்காக அழுகிறவர்கள் என்று பார்த்தால் நான் ஒருத்திதான் இருந்தேன்.

துக்கம் கழிந்து போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறுதலாகப் பேசிவிட்டு, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு ஒன்றைச் சொன்னார். மரணம் அந்த விவாகத்தின் கட்டை அவிழ்த்துவிட்டது. இனி தடை என்று ஒன்றும் இல்லை. சபை முன்னால் நின்று அறிக்கைகூடச் செய்ய வேண்டாம். வருகிற மாதமே அவள் திருவிருந்துக்கு வரலாம். அவர் மனதார நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

அம்மா அவருக்குக் காபி டம்ளரைக் கையில் கொடுத்த பிறகு சொன்னாள்: "அவுரு செத்ததாலதான் எனக்கு அப்பம் கெடைக்குதுன்னா, அது எனக்கு வேணாங்க ஐயா."

அடுத்த ஞாயிறும் அவள் போனாள். கேட்டுவரை நடந்துதான் போனாள். எதிரே டீக்கடையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே பாட்டுகளைப் பாடிவிட்டு வந்தாள். எனக்கு ஆரணிப் பக்கம் ஆசிரியை வேலை கிடைத்துவிட்டது. அவள் ஞாயிறுகளை நான் பார்க்க முடியாமல் போனது.

இப்போது அந்தத் தேவாலயத்தில் பெஞ்சுகள் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாரும் வாய் வைத்த ஒற்றைப் பாத்திரம் போய், ஆளுக்கொரு சின்னக் குப்பி வந்துவிட்டது. சனிக்கிழமை பேர் கொடுக்கும் வழக்கம் எப்போது நின்றது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதம் உபதேசியாருக்கு உடம்பு சரியில்லை, அதோடு நின்றிருக்கும். எந்தத் தீர்மானமும் போட்டு அம்மா மீதிருந்த தடையை நீக்கவில்லை. அதை நினைவில் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள், தடையும் அவர்களோடு போய்விட்டது. பழைய போதகரும் போய்விட்டார்.

போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, நடமாட முடியாமல் கிடக்கும் அம்மாவுக்குத் திருவிருந்து கொடுக்கப் புதுப் போதகர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். கட்டிலருகே ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். அம்மா அவரை நிறுத்தி, கோயிலில் நடந்த தன் கல்யாணத்தைச் சொன்னாள். அது பாவம் என்று தான் இதுவரை சொல்லவில்லை என்பதையும் சொன்னாள்.

அவர் சிரித்தார். "அதெல்லாம் இப்ப யாரும் கேக்கறதே இல்லீங்கம்மா."

"யாராச்சும் கேட்டாத்தாங்க ஐயா நான் பதில் சொல்ல முடியும்" என்றாள் அம்மா. "நீங்க கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சிரிப்பை விட்டுவிட்டு, தோளில் கிடந்த பட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். கேட்டார்: "நீங்க பண்ணிக்கிட்ட விவாகம் பாவம்னு அறிக்கை பண்றீங்களாம்மா?"

"இல்லீங்க" என்றாள்.

பிறகு வலது கையை இடது கையின்மேல் வைத்து நீட்டினாள். அவர் அப்பத்தை வைத்தார். இத்தனை வருஷம் அவள் யாரிடம் சொல்லக் காத்திருந்தாளோ அவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை, அப்பாவும் இல்லை. சபை என்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.