படகோட்டியின் சொந்தக்காரர்

எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் துறைமுகத்தை ஒட்டிச் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்கள்தான் என் பாடம். கப்பலில் சமையல்காரராக வந்து இறங்கியவர்கள், முடிதிருத்தியவர்கள், படகோட்டிகள். அவர்கள் சுவடில்லாமல் போய்விட்டார்கள் என்றார் பேராசிரியர். பிள்ளைகுட்டிகளோடு இங்கேதான் இருக்கிறார்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு வாரிசையாவது பேசவைக்காவிட்டால் என் கடைசி அத்தியாயம் அரோகராதான்.

தேடியலைந்து, ஒரு படகோட்டியின் பூட்டப்பிள்ளை, அதாவது கொள்ளுப்பேத்தி, சிட்னியின் பால்மெயின் பகுதியில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். வயதான அந்த அம்மா தொலைபேசியில் வெடுக்கென்று பேசினார். "எங்கட குடும்பத்தில கறுப்பர் ஒருத்தரும் இல்லை. பூட்டன் போர்த்துக்கேயர்." பேசியது ஆங்கிலத்தில்தான். யாழ்ப்பாணத்தவனான என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே பதிந்துவிட்டது.

"போனில கேட்டா ஆர் சொல்லுவினம்? நேரில போவம்," என்று என் மனைவி வடை சுட்டு எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

கதவைத் திறந்த அம்மா பார்வைக்கு வெள்ளைக்காரிதான். எங்கள் கரிய முகங்களை மாறிமாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"கடைசியா வந்திட்டீங்களோ? நீங்கள் பூட்டன்ரை ஆக்களோ?"

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதாதவன் நான். என் மனைவியோ முன்பின் தெரியாதவரிடமும் நாலு கேள்வி கேட்டுச் சொந்தம் பிடிக்காமல் கதிரையில் உட்காரமாட்டாள்.

"நாங்கள் சிலோன். உங்கட பூட்டன் வந்த கப்பல் எங்கட காலித் துறைமுகத்தில நிண்டதோ?"

"நிண்டதாம். இறங்கித் தேங்காய் வாங்கினவராம். என்ரை அம்மா ரகசியமாச் சொல்லுறவ."

"எங்கட தேங்காய் சாப்பிட்டவர் எண்டா ஒரு வழியில சொந்தம்தானே."

அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குசினி மேசையில் கதைகள் கொட்டின. பூட்டனின் படகு, அவர் பாட்டு, கப்பல்களிலிருந்து வந்த கறுப்பு நண்பர்களால் நிரம்பும் ஞாயிற்றுக்கிழமை வீடு. வடை தீர்ந்தும் பேச்சுத் தீரவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

புறப்படும்போது, பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போட்டபடி வேலிக்கு மேலால் எங்களையே பார்த்தாள். நான் என்னை அறியாமல் ஒதுங்கி நின்றேன். அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"இவை என்ரை பூட்டன்ரை ஆக்கள்," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். "அவர் கறுப்பர்."

முதல் வசனம் பிழை. நான் திருத்தவில்லை.