மாமா ஏறாத ஜீப்

மாம்பூ வாசனை, அதுக்கு மேல பெட்ரோல் வாசனை... ரெண்டும் சேந்து மூக்குல ஏறுனா எனக்கு அது மாசி மாசம்.

எண்பதுகளோட ஆரம்பம். நான் ஒம்பதாவது, தம்பி ஆறாவது. சந்தவாசல்ல அப்பாவுக்கு டிராக்டர் ரிப்பேர் ஷெட். யாரோ வேணாம்னு ஒதுக்கிப் போட்ட பழைய மிலிட்டரி ஜீப் ஒண்ண வாங்கி, ஒவ்வொரு பார்ட்டா தேடிப் புடிச்சு ஓட வெச்சிருந்தாரு. மேல படுதா. பக்கத்துல கதவு கிடையாது. வைப்பர உள்ளேருந்து கையால ஆட்டணும்... அது என் டிபார்ட்மென்ட்.

அந்த ஜீப்பாலதான் குடும்பத்துல ஒரு மனஸ்தாபம்.

அம்மாவோட தம்பி, எங்க மாமா, மலை மேல ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ள ஒரு ஊர்ல மளிகைக் கடை வெச்சிருந்தாரு. அவரு கல்யாணத்துக்கு அப்பா ஜீப்ப கழுவித் தொடச்சு, சாமந்தி மாலையெல்லாம் கட்டி, பொண்ணு மாப்ளைய கூட்டினு போக மண்டபத்து வாசல்ல ரெடியா நின்னாரு. அதுக்குள்ள மாமாவோட சிநேகிதங்க வாடகை கார் கொண்டாந்துட்டாங்க.

மாமா ஜீப்ப ஒரு பார்வை பாத்தாரு. "இதுல ஏறுனா பொடவ அழுக்காயிடும் மாமா"ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு கார்ல ஏறிட்டாரு.

அப்பா மாலைய அவரே அவுத்தாரு. அதோட மாமாகிட்ட பேச்சு நின்னுபோச்சு.

மாமாவுக்கு பையன் பொறந்து, காது குத்துக்கு அழைக்க அவரே கீழ எறங்கி வந்தாரு. டிராக்டருக்கு அடியில படுத்திருந்த அப்பா, அவரு போற வரைக்கும் வெளிய வரல. அம்மா அன்னிக்கு சரியா சாப்பிடக்கூட இல்ல.

"நானும் பசங்களும் பஸ்ல போய்ட்டு வர்றோம்"னாங்க அம்மா.

அப்பா கை தொடைக்கிற துணிய மடிச்சு மடிச்சு வெச்சாரு. "பஸ்ஸ வுட்டு எறங்கி காட்டுல நடக்கணும். நானே கொண்டுபோய் வுடறேன். ஆனா வூட்டுக்குள்ள வர மாட்டேன்."

மாசி மாசம் ஒரு நாள் விடிஞ்சும் விடியாம கெளம்புனோம். ஜமுனாமரத்தூர் வரைக்கும் ரோடு. அதுக்கப்புறம் வெறும் வண்டித் தடம்... செம்மண்ணு, சருகு, பாறை. தடத்துல எறங்குன கொஞ்ச நேரத்துல பனி மூடிடுச்சு. சாதாரணப் பனி இல்ல. முன்னாடி பானெட்டே தெரியல. நான் வைப்பர ஆட்ட ஆட்ட கண்ணாடி வெள்ளையாவே இருந்தது.

அம்மா எறங்கிட்டாங்க. அப்பாவோட வெள்ளைத் துண்ட வாங்கி முதுகுல போட்டுக்கிட்டு, "நான் முன்னாடி நடக்குறேன். இதப் பாத்துக்கினே வாங்க"ன்னாங்க.

அம்மா நடக்க, பின்னாடி ஜீப் உறுமிக்கினே ஊர்ந்தது. "இங்க கல்லு... வலது பக்கம் ஒடிங்க... வாங்க..." மாமா கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க ரெண்டு பேரும் அவ்ளோ பேசிக்கிட்டு நான் பாத்ததில்ல. அம்மாவோட முதுக அப்பா கண்ணெடுக்காம பாத்துக்கிட்டே வந்தாரு.

ஒரு வளைவுல ஈரச் சருகுல பின் சக்கரம் வழுக்கிடுச்சு. ஜீப் அப்படியே பள்ளத்துப் பக்கம் சாஞ்சுது.

"பசங்களா, எறங்குங்க." அப்பா குரல் ரொம்ப மெதுவா வந்தது. நாங்க மேட்டுப் பக்கமா குதிச்சோம். அவரால எறங்க முடியல. பிரேக்க வுட்டா வண்டி போயிடும்.

அம்மா ஓடி வந்தாங்க. மூணு பேரும் கல்லு பொறுக்கி சக்கரத்துக்கு அடியில திணிச்சோம். அப்பா ஃபோர் வீல் போட்டு மெல்ல கிளச்ச வுட்டாரு. வண்டி ரெண்டு தரம் தவிச்சு, ஒரே தாவுல மேல ஏறி நின்னுது.

எறங்கி வந்தவரு பானெட்டு மேல கை வெச்சு நின்னாரு.

அம்மா கிட்டப் போயி, "இப்டியே திரும்பிடுங்க. பசங்கள நான் நடத்தி கூட்டினு போறேன்"ன்னாங்க.

"இன்னா பேசுற... இந்தப் பனில உன்ன தனியா வுட்டுட்டா?"

அம்மா மறுபடியும் முன்னாடி நடந்தாங்க.

மாமா வூடு தெரியறதுக்கு முன்னாடியே மாமா தெரிஞ்சாரு. ஜீப் சத்தம் கேட்டு, செருப்புகூட போடாம பனிக்குள்ள ஓடி வந்துட்டாரு. பக்கத்துல வந்ததும் நின்னுட்டாரு. அப்பா ஸ்டியரிங்க புடிச்சபடி நேரா பாத்துக்கினு உக்காந்திருந்தாரு. மாமா பின்னாடியே அத்தை குழந்தையோட வந்து நிக்கிறாங்க. பட்டுப் பொடவ.

"மாமா..."ன்னாரு மாமா. "கோயிலு அந்த மேட்டு மேல கீது. நாங்க மூணு பேரு ஏற எடம் இருக்குங்களா?"

அப்பா என்னைத் திரும்பிப் பாத்து, "நீ பின்னாடி போ"ன்னாரு.

மாமாகிட்ட, "பின்னாடி குளிரும். கொழந்தைய எடுத்துக்கினு அவங்க முன்னாடி உக்காரட்டும்."

அத்தை பட்டுப் பொடவையோட முன்னாடி ஏறுனாங்க. மாமா எங்களோட பின்னாடி இடிச்சுக்கினு உக்காந்தாரு. பள்ளத்துல தூக்கிப் போடும்போதெல்லாம் அவரு தலை இரும்புக் கம்பில முட்டுச்சு. ஒரு தடவகூட முகம் சுளிக்கல. அப்பா அன்னிக்கு வூட்டுக்குள்ள போயி, மூணு தரம் சோறு வாங்கி சாப்பிட்டாரு.

போன மாசில என் பையனோட கார்ல அங்க போனோம். மாமா வூட்டு வாசல் வரைக்கும் தார் ரோடு. வழியில நல்ல பனி. பையன் லைட்ட போட்டுட்டு பாட்டு கேட்டுக்கிட்டே ஓட்டுனான். குளிருக்கு கண்ணாடி ஏத்தியிருந்தோம். யாரும் எறங்க வேண்டி வரல. நல்லதுதான்... அந்த வளைவு எதுன்னுகூட எனக்கு அடையாளம் தெரியல.

மாமாவுக்கு இப்ப வயசாயிடுச்சு. தின்பண்டப் பொட்டலத்தோட உள்ள போயி நின்னப்பதான் எங்களப் பாத்தாரு. "எப்பம்மா வந்தீங்க? சத்தமே கேக்கலியே"ன்னு அவசர அவசரமா சட்டையத் தேடுனாரு.

ஓடி வர்றதுக்கு அவருக்கு நாங்க நேரமே குடுக்கல.